தபாலில் வந்த ஸ்ரீகாந்த்

புனே நண்பர் அனுப்பிய கவர் நேற்று சேத்தியாத்தோப்புக்கு வந்து சேர்ந்தது. உள்ளே பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த பழைய கிரிக்கெட் அட்டை. ஸ்ரீகாந்த்! பதிலுக்கு என்னிடம் இரண்டாக இருந்த கவாஸ்கரில் ஒன்றை அனுப்பியிருந்தேன்.

1987 உலகக் கோப்பை சமயத்தில் நாங்கள் பபிள்கம் வாங்கியதே அட்டைக்காகத்தான். அதில் ரன், விக்கெட் எல்லாம் போட்டிருக்கும்; கூட்டிக்கொண்டே போவோம். அந்த அக்டோபர் 9 அன்று சேப்பாக்கத்தில் ஸ்ரீகாந்த் 70 அடித்தும் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ரன்னில் தோற்றோம். டீன் ஜோன்ஸ் அடித்த பவுண்டரியை இடைவேளையில் சிக்ஸராக மாற்ற கபில் சம்மதித்திருந்தார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படி அட்டை மாற்றிக்கொள்வதில் காசு கிடையாது. முகம் பார்க்காத இரண்டு பேரில் யார் முதலில் அனுப்புவது என்பதுதான் பெரிய பேச்சுவார்த்தை. இருபுறமும் கெட்டி அட்டை வைத்து அனுப்பணும். இல்லையென்றால் முத்திரை குத்துகிற வேகத்துக்குத் தாங்காது. 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அனுப்புவதும் அதில்தான்.

கைவசம் இரண்டு கபில்தேவ் இருக்கு. சேத்தன் சர்மா வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க.