மின்னூட்டம் குடியிருந்த இடம்

மின்தேக்கியில் மின்னூட்டம் எங்கே இருக்கிறது? ‘உலோகத் தகடுகளில்’ என்று பிளஸ் டூ மாணவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார். அந்த விடையின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது, அது மூன்றாவதாக வந்த விடை என்று தெரிந்தது. முதல் விடை நீர், இரண்டாவது கண்ணாடி. இரண்டாவதைச் சொன்னவர் பெஞ்சமின் பிராங்க்ளின். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனையைக் காட்டித்தான் சொன்னார். சோதனை சரியாக இருந்தும் முடிவு எங்கே பிசகியது என்பதுதான் என் தேடல்.

1745 அக்டோபரில், பொமரேனியாவின் கம்மின் நகரில், ஃபான் கிளைஸ்ட் என்ற சமயப் பணியாளர் திரவம் ஊற்றிய மருந்துக் குப்பியில் ஆணியைச் செருகி மின்னேற்றினார். ஆணியைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டது. சில மாதங்களில் ஹாலந்தின் லைடன் நகரப் பேராசிரியர் மூசென்புரூக்கும் நீர் ஜாடியில் இதையே கண்டார். மின்சாரத்தைப் பாய்மமாக எண்ணிய காலம் அது. ஜாடியில் ஊற்றிய நீரில் அது தேங்குகிறது என்பது இயல்பான ஊகம். பிராங்க்ளின் அதைச் சோதித்தார். மின்னேற்றிய குப்பியின் நீரை வேறொரு குப்பியில் கொட்டினார். அதில் அதிர்ச்சி இல்லை. காலியான பழைய குப்பியில் புது நீரை ஊற்றினார், அதிர்ச்சி வந்தது. ஒரு கண்ணாடிப் பலகையை இரு ஈயத் தகடுகளுக்கு நடுவே வைத்து மின்னேற்றி, தகடுகளைக் கழற்றியும் பார்த்தார். ஈயத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. திரும்பப் பொருத்தியதும் பலமான அதிர்ச்சி. ஆகவே சக்தி கண்ணாடியில்தான் உள்ளது என்றார். தேய்த்த கண்ணாடியிலிருந்தே மின்சாரம் எடுத்துப் பழகியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விடை ஏது?

ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின், 1922-இல், அடன்புரூக் என்பவர் இதைத் திரும்பச் செய்தார். கண்ணாடிக்குப் பதில் பாரஃபின் மெழுகை வைத்தபோதும், ஈரம் போகச் சுட்ட கண்ணாடியை வைத்தபோதும், மின்னூட்டம் உலோகத்தோடே வந்துவிட்டது. சாதாரணக் கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று படிந்திருக்கும்; அது மின்சாரத்தைக் கடத்தும். பிராங்க்ளின் உலோகத்தைக் கழற்றினாலும், ஈரம் என்ற இன்னொரு தகடு அங்கேயே ஒட்டியிருந்தது. ‘ஈரம் துளியும் இல்லாத காப்பானிலும் சில நேரம் மின்னூட்டம் தங்குகிறதே’ என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. 1944-இல் ஜான் செலனி அதற்கு விடை தந்தார். தகடுகளைப் பிரிக்கப் பிரிக்க மின்தேக்குத்திறன் குறைகிறது. மின்னூட்டம் மாறாததால் மின்னழுத்தம் ஏறுகிறது. ஓர் அளவைத் தாண்டினால் காற்றே கடத்தியாகி, ஒளிவட்ட மின்னிறக்கத்தால் மின்னூட்டத்தைக் காப்பானின் மேல் தெளித்துவிடுகிறது. மின்னூட்டம் முன்பு எங்கே இருந்தது என்று பார்க்கப் பிரித்தார்கள். பிரித்த செயலே அதை இடம் மாற்றிவிட்டது.

அப்படியானால் பிராங்க்ளின் முழுக்கத் தோற்றாரா? இல்லை என்பதே என் வாதம். மின்தேக்கியின் ஆற்றல் தகடுகளுக்கு இடையிலுள்ள மின்புலத்தில் இருக்கிறது; அந்த இடத்தை நிரப்பியிருப்பது கண்ணாடி. இடையில் கந்தகத்தையோ அரக்கையோ வைத்தால் தேக்கும் திறன் கூடுகிறது என்று 1837-இல் ஃபாரடே காட்டினார். காப்பான் வெறும் தடுப்புச் சுவரன்று. அதன் மூலக்கூறுகளின் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நின்று, அதே மின்னழுத்தத்தில் தகடுகள் இன்னும் அதிக மின்னூட்டம் ஏற்க வழிவிடுகின்றன. மின்னூட்டம் எங்கே என்று கேட்டால் உலோகப் பரப்பில். ஆற்றல் எங்கே என்று கேட்டால் கண்ணாடியில். பிராங்க்ளினின் காலத்தில் இவை ஒரே கேள்வியாக இருந்தன. அவர் கண்டது இரண்டாவதற்கான விடை. அதை முதல் கேள்விக்கு எழுதிவிட்டார்.