முள்வாங்கியின் பூண்

கரிசல்காட்டில் நல்ல மழை பெய்த பிறகு செருப்புப் போட்டு நடக்க முடியாது. நாலு எட்டு வைப்பதற்குள் அடியில் மண் அப்பிக்கொண்டு காலைத் தூக்குவதே பெரும்பாடாகிவிடும். விதைப்புக்குப் போகிற சம்சாரியும் களையெடுக்கப் போகிற பெண்களும் செருப்பைப் பொழியில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் இறங்குவார்கள். முள் ஏறுவதற்கு அதுவே தோது. கோடையில் மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போது டயர் செருப்புப் போட்டுத் தாராளமாக நடக்கலாம். ஆனால் சீமைக்கருவேல முள் டயரையும் துளைக்கும். உடை, கருவேலம், இலந்தை, சீமைக்கருவேலம் என்று இந்தக் காட்டில் முள்ளுக்குப் பஞ்சம் வந்ததாக எந்தப் பஞ்சகாலத்திலும் கேள்விப்பட்டதில்லை.

அதனால்தான் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து ஆண்களின் அருணாக்கயிற்றில் ஒரு காலத்தில் முள்வாங்கி தொங்கியது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். இரண்டு கை உள்ள இடுக்கி, அதன் தலைப்பில் மடங்கி உள்ளே போகிற ஊசி, சிலதில் காதுக்குறும்பி எடுக்கிற குட்டிக் கரண்டி. ஊசியால் தோலைக் கீறி வழி பண்ணி, இடுக்கியால் முள்ளைக் கவ்வி இழுக்க வேண்டும். கரண்டிக்கும் முள்ளுக்கும் சம்பந்தமில்லை. ஆடு மேய்க்கிறவருக்கு மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்தால் காது குடையத் தோன்றும், அவ்வளவுதான். சட்டைப்பைக் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சுவிட்சர்லாந்தில் ஆரம்பிப்பார்கள். அங்கே பிறகு போகலாம்.

முள்வாங்கி இன்னும் அடிக்கிற கொல்லுப்பட்டறை ஒன்று இருப்பதாக எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் ஒருவர் சொன்னார். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். வேப்பமரத்தை ஒட்டித் தகரக் கொட்டகை. துருத்தி போய் மின்சார புளோயர் வந்திருக்கிறது. உலையில் எரிவது சீமைக்கருவேலக் கரி. இந்த வட்டாரத்தில் மானாவாரி ஏமாற்றும் வருஷங்களில் மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்கார வனத்துறை விதை வரவழைத்துக் கொண்டுவந்த மரம் அது. 2017ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது இங்கே சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, வயிற்றில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. எப்படியோ, காலில் ஏறுகிற முள்ளும் அதை எடுக்கிற கருவியைக் காய்ச்சுகிற நெருப்பும் இந்த ஊரில் ஒரே மரத்திலிருந்து வருகின்றன.

ஆசாரிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். இதே தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததை அவரிடம் சொன்னேன். பேச்சை அங்கிருந்து தொடங்கினால் கௌரவமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

"சரி தம்பி. கரி மூடை என்ன வெலைக்குப் போகுதுன்னு அதுல போட்ருக்காகளா?" என்றார்.

அவர் அன்றாடம் அடிப்பது அரிவாளும் களைசுரண்டியும். அதற்கு லாரியின் வில்பட்டை. முள்வாங்கி யாராவது கேட்டால் மட்டும். அதற்கு வில்பட்டை தோதுப்படாது, அந்தத் தடிமனை அடித்து மெலியவைப்பதற்குள் கரி தீர்ந்துவிடும். மர அறுவை மில்லில் பல் தேய்ந்து கழித்துப் போடுகிற ரம்பப் பட்டையை வாங்கி வைத்திருக்கிறார். ஏற்கெனவே மெல்லிசு, வளைத்தால் திரும்பி நிற்கிற குணமும் உள்ள இரும்பு. பழுக்கக் காய்ச்சி, உளியால் இரண்டு கீற்றாக வெட்டி, லேசான வளைவு கொடுத்து, தலைமாட்டில் ஒரு துண்டை நடுவே வைத்துத் தறைந்துவிடுகிறார். ஊசிக்குக் கோணி தைக்கிற ஊசியை முறித்துக்கொள்கிறார். பாதி வேலை அரத்தில்தான். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு அலுத்துவிடும், அவருக்கு அலுக்கவில்லை.

துவைச்சல் போடும்போது மட்டும் கொட்டகையின் இருட்டு மூலைக்குப் போனார். சிவக்கக் காய்ச்சிய கீற்றை எண்ணெயில் முக்கி எடுத்தால் இரும்பு கெட்டிப்படும். அந்த நிலையில் வளைத்தால் படக்கென்று முறியும். மறுபடி கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். அப்போது உடம்பில் நிறம் ஓடும்: வெளிர்மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம். வெயிலில் அந்த நிறங்கள் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது, அதற்காகத்தான் மூலை. "இடுக்கிக் கைக்கு நீலம் வரணும். ஊசி மொனைக்கு மஞ்சள்லயே நிறுத்திரணும்." மஞ்சள் என்பது ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸ், நீலம் 300ஐ ஒட்டி வரும். மஞ்சளில் நிறுத்தினால் கெட்டியும் கூர்மையும் நிற்கும். நீலம் வரை விட்டால் கெட்டி குறைந்து வில்தன்மை கூடும். ஒரே சாமானில் இரண்டு பகுதிக்கு இரண்டு குணம். கையில் வெப்பமானி கிடையாது, கண்தான்.

செய்து முடித்ததை அவர் சோதிக்கிற விதத்தை எந்தக் கடையிலும் யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. இடுக்கியை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நுனி சேர்கிற இடத்தில் வெளிச்சம் கசியக் கூடாது. முழங்கையில் ஒற்றை மயிரைப் பிடித்து இழுத்தார், வந்தது. பிறகு என் கையில் கொடுத்து, "பலங்கொண்ட மட்டும் அமுக்குங்க" என்றார். மட்டமான இடுக்கியில் நுனி சேர்ந்த பிறகும் அமுக்கினால் கைகள் நடுவில் குழிந்து நுனி வாய் பிளக்கும். முள்ளைப் பிடித்திருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது அது நழுவியிருக்கும். பக்கவாட்டில் கத்தரிபோல விலகவும் கூடாது. ஊசியைப் பாதி திறந்து விட்டார், பாதியிலேயே நின்றது. முக்கால் திறந்தார், முக்காலில் நின்றது. தானாக விழவும் இல்லை, நகத்தால் நெம்பினால் வராமலும் இல்லை. அந்த இறுக்கம் முழுவதும் ஒரு பித்தளைத் தறையில் இருக்கிறது. பித்தளை எதற்கு என்று கேட்டேன். தேய்மானம் மிருதுவான உலோகத்தில் விழட்டும், கெட்டியான கை தப்பித்துக்கொள்ளும், தறை போனால் வேறு தறை. "ஒரு தட்டுக் கூடுனா இறுகிரும், ஒரு தட்டுக் கொறஞ்சா ஆடும்."

என் பையில் இருந்த மல்டிடூலை எடுத்து நீட்டினேன். நடுவில் குறடு, இரண்டு பக்கமும் கத்தி, ரம்பம், அரம், திருப்புளி, டின் திறப்பான். 18 வேலைக்கு ஆகும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஆசாரி ஒவ்வொன்றாகத் திறந்து எல்லாவற்றையும் விரித்து வைத்துப் பார்த்தார்.

"இதுல மாப்பிள்ளை ரெண்டு பேருதான் தம்பி. மத்தவக பந்திக்கு வந்தவக."

குறடும் கத்தியும்தான் மாப்பிள்ளைகள். இந்த வகைக் கருவி பிறந்த கதையும் அவர் பக்கம்தான் பேசுகிறது. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975ல் ஒரு பழைய ஃபியட் காரில் ஊர் சுற்றியபோது வண்டியும் மக்கர், தங்கிய விடுதிகளில் குழாயும் ஒழுகல். பையில் இருந்த கத்தியோடு ஒரு குறடும் இருந்தால் தேவலை என்று நினைத்தார். நினைத்ததைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவர 1983 ஆயிற்று. அதற்கு முன்னோடியான சுவிஸ் ராணுவக் கத்தியைக் கார்ல் எல்சனர் 1897ல் பதிவு செய்தபோது அவருடைய சாமர்த்தியம் எண்ணிக்கையில் இல்லை, வில்லில் இருந்தது. முதுகில் இருக்கிற ஒரே வில்பட்டை இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைத் தாங்கும்படி வைத்தார். கத்தி கனக்காமல் கருவி கூடியது அப்படித்தான்.

ஆனால் முதுகுவில் பூட்டு ஆகாது. கத்தியைத் திறந்த நிலையில் அது சாய்த்துப் பிடித்திருக்கும், அவ்வளவே. முதுகில் பலமாக அழுத்தினால் விரல்மேல் மடங்கும். என்னுடையதில் இருப்பது உள்தகட்டுப் பூட்டு. கைப்பிடிக்குள் இருக்கிற மெல்லிய தகடு, கத்தி திறந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து கத்தியின் வாலுக்கு முட்டுக் கொடுக்கும். மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கொல்லர் 1980களின் தொடக்கத்தில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. நன்றாகச் செய்தால் அருமையான ஏற்பாடு. தகடு வாலின் விளிம்பை மட்டும் தொட்டு நின்றால் நம்பக்கூடாது, ஓரத்தைத் தாண்டி மறுபக்கச் சுவர்வரை போய்விட்டாலும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆசாரிக்கு இந்தப் பெயர் எதுவும் தெரியாது. கத்தியைத் திறந்து முதுகுப்புறத்தை மரக்கட்டையில் வைத்து அழுத்தினார். மேலும் கீழும் ஆட்டினார், இடமும் வலமும் ஆட்டினார். "பூட்டு பிடிக்குது" என்று ஒப்புக்கொண்டார். அடுத்து நான் எதிர்பாராததைச் செய்தார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நசநசவென்றிருந்த கரிசல் மண்ணை ஒரு கை அள்ளி, என் மல்டிடூலின் மூட்டில் அப்பினார். பழைய முள்வாங்கி ஒன்றிலும் அப்பினார். இரண்டையும் தகரத்தின்மேல் வெயிலில் போட்டுவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். என் மனசு பதறியது, காசு போட்டு வாங்கிய பொருள்.

கரிசல் மண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கி இறுகும். வயலில் ஆளையே விழுங்குகிற மாதிரி வெடிப்பு விடுவது இதனால்தான். காய்ந்த பிறகு என் கத்தியைத் திறந்தால் நறநறவென்று வந்தது. பூட்டுத்தகடு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. தகட்டுக்கும் வாலுக்கும் நடுவே மண் பொருக்கு. கத்தி திறந்திருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும், நம்பி அழுத்தினால் மடங்கும். பூட்டு இல்லாத கத்தியைவிட இது மோசம், பூட்டு இல்லாததை நாம் எச்சரிக்கையோடு பிடிப்போம்.

முள்வாங்கியின் பூட்டு ஒரு பூண். இடுக்கியின் இரண்டு கைகளையும் சுற்றி நகர்கிற சிறு வளையம். கைகள் நுனிப்பக்கம் கொஞ்சம் அகலும்படி வைத்திருப்பதால் பூணை முன்னால் தள்ளத் தள்ள இறுகும். வெளி விளிம்பில் அரத்தால் போட்ட ஒரு சின்னத் தடத்தில் போய் உட்காரும். இடுப்பில் இருக்கும்போது ஊசியும் நுனியும் சதையில் குத்தாமல் மூடி வைப்பதும் அதுதான். முள்ளைக் கவ்விய பிறகு பூணைத் தள்ளிவிட்டால் விரல் அமுக்க வேண்டியதில்லை, வலியில் கை நடுங்கினாலும் பிடி விடாது. மண் காய்ந்திருந்த பூணை ஆசாரி நகத்தால் சுரண்டிவிட்டுத் தள்ளினார், நகர்ந்தது. எல்லாம் வெளியே இருக்கிறது, மறைவாக ஒன்றுமில்லை. பிரான்சில் ஒப்பினெல் கத்திக்காரர்கள் 1955ல் கத்தியின் கழுத்தில் ஒரு வளையம் போட்டார்கள், திருகினால் கத்தி மடங்காது. அதுவும் குடியானவர் கத்திதான். மண்ணில் புழங்குகிறவர்கள் பூட்டை வெளியே வைத்துக்கொள்கிறார்கள் போலும்.

என் கருவிக்காகவும் பேச வேண்டும். தண்ணீரில் அலசி உதறியதும் பூட்டு பழையபடி வேலை செய்தது. துருப்பிடிக்காத எஃகு. முள்வாங்கி துருவேறும். துருவேறிய ஊசியால் காலைக் கீறுவதைப் பார்த்தால் எந்த டாக்டரும் திட்டுவார், டிடி ஊசி போட்டுக்கொண்டவர்கூட ஊசியை நெருப்பில் காட்டாமல் தொடக்கூடாது. ஆசாரியின் ஆட்சேபம் வேறு இடத்தில் இருந்தது. மல்டிடூலின் மூட்டில் நட்சத்திரத் தலை திருகாணி. "இது ஆடுனா எங்க கொண்டுபோய் இறுக்குவீக? எங்கிட்ட இந்தச் சாவி கெடையாது." உண்மையில் என்னிடமும் கிடையாது, 18 வேலைக் கருவியில் அந்த ஒரு வேலைக்கு வழி வைக்கவில்லை. ஆடாத மூட்டு உலகத்தில் இல்லை. ஆடினால் எந்த ஊர் பட்டறையிலும் ஒரு தட்டுத் தட்டி இறுக்க முடிவதை நான் இப்போது தரத்தில் சேர்த்துக்கொள்கிறேன், எஃகின் பெயருக்கு முன்னால்.

இப்போது முள்வாங்கி கேட்டு வருகிறவர்கள் கீதாரிகளும் சில வயசாளிகளும். ஆட்டுக் குளம்பிடுக்கில் ஏறிய முள்ளுக்கு இதைவிட்டால் சரிப்படாது என்கிறார்கள் கீதாரிகள். மற்றவர்களுக்கு பஸ் ஸ்டாண்டில் விற்கிற நகவெட்டி போதும், அதிலும் ஒரு குட்டிக் கத்தி மடங்கியிருக்கிறது, பூட்டு கிடையாது.

இவ்வளவு நேரமும் திண்ணையில் புளி உடைத்துக்கொண்டே எங்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஆசாரியின் மனைவியிடம், "அத்தை, உங்களுக்கு இதில் ஒன்று செய்து தந்திருக்கிறாரா?" என்று கேட்டேன். கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளைக் காட்டினார். களையெடுக்கிற பெண்கள் யாரும் முள்வாங்கி கட்டியதில்லை, அவர்கள் முள்ளெடுப்பது ஊக்கால்தான். ஒரே கம்பியில் சுருள்வில், கூர்முனை, முனையைப் பிடித்துக்கொள்ளும் மூடி. வால்டர் ஹன்ட் 1849ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, அதை 400 டாலருக்கு விற்றுவிட்டார்.

"முள்ளு உள்ள முறிஞ்சு போச்சுன்னா ஊக்கு என்ன செய்யும்? அப்ப எங்கிட்டத்தான வருவே" என்றார் ஆசாரி.

"வருவேன், வருவேன். கழுத்துலயே கெடக்கே, இது என்னிக்காவது தானாத் தொறந்து என்னையக் குத்திருக்கா? நீங்க செஞ்சதுல எத்தனைக்குப் பூண் கழண்டு வந்து நிக்காக, அதைத் தம்பிகிட்டச் சொல்லுங்க."

ஆசாரி புளோயரைப் போட்டுவிட்டார். அதற்கு மேல் பேசினால் யாருக்கும் கேட்காது.