மேட்டில் இறங்கும் ஸ்க்ரூ

பல்லடம், உடுமலைப் பக்கத்துத் தறி ஷெட்டுகளிலும் மில்களிலும் தகரக் கூரைமேல் சோலார் பொருத்துவது என் தொழில். "கூரை பாரம் தாங்குமா?" என்பதுதான் முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி. பேனலும் அதைத் தாங்கும் அலுமினிய ரயிலும் சேர்த்து சதுர மீட்டருக்கு 15 கிலோவை ஒட்டித்தான் வரும். கூரையைத் தாங்கும் ட்ரஸ் நன்றாக இருந்தால் சமாளித்துவிடும். என் கவலையெல்லாம் காற்று மேலே இழுப்பதைப் பற்றித்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் வந்து இங்குள்ள காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று, பேனலுக்கு அடியிலும் புகும். கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875, கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகம் குறித்திருக்கிறது. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு இன்னும் கடுமை. அதனால், "ஓரத்துல இன்னும் ரெண்டு பேனல் போட்டுருங்க தம்பி" என்றால் நான் சம்மதிப்பதில்லை.

ஷீட்டின் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதை மட்டும் பிடித்த ஸ்க்ரூ, காற்று உலுக்க உலுக்கத் துளையைப் பெரிதாக்கிக்கொண்டு கழன்றுவிடும். ஷீட்டுக்கு அடியில் அதைத் தாங்கி ஓடும் சட்டமான பர்லினில் இறங்கினால்தான் பிடிப்பு. பர்லினைத் தேடி அலைய வேண்டாம். ஷீட் போட்டவர்கள் அடித்த பழைய ஸ்க்ரூ வரிசையே காட்டிக்கொடுக்கும். நடக்கும்போதும் அந்த வரிசைமேல்தான் கால் வைக்க வேண்டும். வெளிச்சத்துக்காக இடையிடையே பதித்த ஃபைபர் ஷீட், தூசி படிந்து தகரத்தின் நிறத்துக்கே வந்திருக்கும். வெயிலில் நொறுங்கிப்போன அதை மிதித்தால் நேரே தரைதான். மேலே ஏறியதும் அவற்றையெல்லாம் அடையாளம் போட்டுத் தடுத்து, பெல்ட் கயிற்றை மாட்டிய பிறகே பெட்டியைத் திறப்போம்.

ஷீட் நெளிவின் பள்ளத்தில் மழைத்தண்ணீர் ஓடும். எனவே துளை மேட்டில்தான். ஆனால் மேட்டுக்கும் பர்லினுக்கும் நடுவே வெற்றிடம். அவசரமாக முடுக்கினால் மேடு அமுங்கிக் குழியாகி, அங்கேயே தண்ணீர் நிற்கும். ரப்பர் வாஷர் மேலுள்ள உலோகத் தட்டின் விளிம்புவரை பரவினால் போதும். வெளியே பிதுங்கினால் அந்த ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். மெஷினின் சத்தம் மாறுகிற அந்த நொடியில் விரலை எடுக்க வேண்டும். புதுப் பையன்களுக்கு நான் நாள் கணக்கில் பழக்குவது இதை மட்டும்தான். ரயிலைப் பிடிக்கும் பிராக்கெட்டுக்கு அடியில், ஒழுகாமலிருக்க ப்யூட்டைல் டேப் உண்டு. புளித்த காடி வாடை வீசும் சிலிக்கான் துத்தநாகப் பூச்சை அரிக்கும், அதைத் தொடுவதில்லை. பென்சில் கோடும் அப்படித்தான். கிராஃபைட் பட்ட இடம் துருவேறும், மார்க்கர்தான் சரி. துளையிட்ட இரும்புத் துருவலை அன்றே பெருக்கித் தள்ளாவிட்டால், இரவுப் பனியிலேயே பழுப்புக் கறை விழும்.

அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீளும். 6 மீட்டர் ரயில், 40 டிகிரி ஏறினால் ஐந்தரை மில்லிமீட்டர் வளரும். நீள ரயில்களை முட்டக் கோத்தால் அந்த நீட்சி முழுக்க ஸ்க்ரூத் துளையைத்தான் இழுக்கும். ஆகவே இணைப்பில் இடைவெளி விடுகிறோம்.

பேனல் 25 வருஷம் உழைக்கும். துருப்பிடித்த ஷீட்மேல் அதை ஏற்றச் சொன்னால், முதலில் ஷீட்டை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். நல்ல கூரையிலும் பேனலைப் படுக்கவைக்கும் முன் ஹோஸ் பிடித்து ஒவ்வொரு பிராக்கெட்டிலும் தண்ணீர் விடுவோம். கீழே தறிக்குப் பக்கத்தில் ஒருவர் அண்ணாந்து பார்த்து நிற்பார். பேனல் மூடிய பிறகு ஒழுகினால், எந்தத் துளையென்று கண்டுபிடிக்க வரிசையையே கழற்ற வேண்டும்.