நிஷாத்தில் சருகு அள்ளுகிறவர்கள்

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வரும் மாமாக்களின் தோள்களுக்கு நடுவே இடம் பிடித்தே பழகியவன். அதனாலோ என்னவோ, எனக்கென்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் ஆளில்லாத இடமாகத்தான் தேடுவேன். ஏரி, மலை, மரம் போதும். ஃப்ரேமுக்குள் யாராவது வந்தால் அவர் தாண்டிப் போகும்வரை காத்திருப்பேன். தப்பித்தவறி விழுந்துவிட்டவரை ஊருக்கு வந்தபின் கணினியில் அழித்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போனது ஸ்ரீநகரின் நிஷாத் பாகில்.

அக்டோபர் கடைசியில் காஷ்மீரில் சினார் மரங்கள் சிவக்கும். ஐப்பசி முகூர்த்தங்களைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அந்தச் சிவப்புக்காகவே போயிருந்தேன். தால் ஏரியின் கிழக்குக் கரையில், ஜபர்வான் மலையடிவாரத்தில் படிப்படியாக ஏறிப்போகும் தோட்டம் நிஷாத். நூர்ஜஹானின் அண்ணன் ஆசஃப் கான் 1633-இல் அமைத்தது. பன்னிரண்டு தளங்கள், ராசிக்கு ஒன்று என்பார்கள். ஜஹாங்கீர் 1619-இல் தொடங்கிய ஷாலிமார் பாக் இதைவிடப் பேர்பெற்றது. ஆனால் அங்கே ஏரி தள்ளிப் போய்விடுகிறது. நிஷாத்தில் முதுகுக்குப் பின்னால் மலை, முகத்துக்கு நேரே ஏரி, நடுவில் இரண்டையும் இணைத்து இறங்கும் வாய்க்கால். எனக்கு நிஷாத்தான்.

இங்கே வெளிச்சத்தின் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தோட்டம் மேற்கே பார்த்தது. காலையில் சூரியன் ஜபர்வானைத் தாண்டி வர நேரமாகும். தோட்டம் நிழலில் கிடக்கும்போதே எதிரே ஏரியும் அதற்கப்பால் ஹரி பர்வத் குன்றின் கோட்டையும் வெயில் வாங்கிவிடும். ஆகவே காலையில் மேல்தளத்தில் நின்று கீழே பார்த்து எடுக்க வேண்டும். பிற்பகலில் ஏரிப் பக்கமிருந்து வெயில் சாய்ந்து தளம் தளமாக மேலே ஏறும். அப்போது கீழே நின்று மலையைப் பார்க்க வேண்டும். லென்ஸில் மாட்டிய போலரைசர் கண்ணாடியைக் கொஞ்சம் திருகினால் வாய்க்காலின் அடிக்கல் தெரியும். முழுக்கத் திருகிவிட்டால் தண்ணீரில் விழுந்த வானமும் சேர்ந்து காணாமல் போகும். பாதியில் நிறுத்துவதே என் வழக்கம்.

ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குத் தண்ணீர் ‘சாதர்’ எனப்படும் சாய்வுக் கற்பலகைமேல் இறங்குகிறது. அதன் அருகில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். கல் வழவழப்பாக இருந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் வழுக்கிப் போயிருக்கும். அதில் வரிசை வரிசையாகக் கொத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கொத்திலும் முட்டி, நுரைத்து, வெள்ளையாகச் சிதறிய பிறகே நீர் அடுத்த வரிக்குப் போகிறது. பலகை மேற்கே முகம் காட்டி நிற்பதால் மாலை வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. ஆயிரத்தில் ஒரு நொடி ஷட்டர் வைத்தால் துளித்துளியாக நிற்கும். கால் நொடி வைத்தால் எல்லாம் பால்போல் ஒன்றாகி, கொத்திய வேலை மறைந்துவிடும். அறுபதில் ஒரு நொடிதான் பொருந்தியது. உளி பிடித்தவருக்கு வெயில் வரும் திசை தெரிந்திருக்கிறது என்று அப்போது தோன்றியது. வாய்க்காலின் நீரூற்றுகளைப் பீறிடவைக்க அன்றைக்கு மோட்டார் ஏது? மலைச்சரிவின் உயரம் ஒன்றையே வைத்துக்கொண்டு சாதித்திருக்கிறார்கள்.

மறுநாள் பிற்பகல் ஒரு பெரிய சினார் மரத்தடியில் ட்ரைபாட் போட்டேன். தரை முழுக்கச் சிவந்த சருகு, பின்னால் தளங்கள், அதற்கும் மேலே மலை. அந்தச் சமயம் பார்த்து நாலைந்து பெண்கள் துடைப்பமும் சாக்குமாக வந்து சருகைக் கூட்ட ஆரம்பித்தார்கள். வழக்கம்போலக் காத்திருந்தேன். அவர்கள் போகிற மாதிரி இல்லை, வெயிலோ இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த இந்தியில் மூத்தவரிடம், “மா ஜி, இதையெல்லாம் எங்கே கொண்டுபோகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“காங்ரிக்கு, பேட்டா.”

காங்ரி என்பது மிலாறால் பின்னிய கூடைக்குள் வைத்த மண்சட்டி. அதில் கனலைப் போட்டு, ஃபெரன் என்ற நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொண்டால் குளிர் அண்டாது. சினார் சருகைக் குவித்துக் கொளுத்தி, சாம்பலாகும் முன் தண்ணீர் தெளித்து அணைத்தால் கரி கிடைக்கும் என்று விளக்கினார். டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லாய் கலான், அதாவது கொடுங்குளிரின் நாற்பது நாளைத் தாண்ட அந்தக் கரி வேண்டும். “உங்கள் ஊரில் குளிருக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். எங்கள் ஊரில் குளிரே கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை, மற்றவர்களிடம் திரும்பிக் காஷ்மீரியில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அனுமதி கேட்டு அவர்களையும் சேர்த்தே எடுத்தேன். துடைப்பம் போன இடத்தில் பச்சைப் புல் தெரிய, அந்தப் பச்சை வளைவு படத்துக்குள் ஒரு பாதையை உண்டாக்கியிருந்தது.

அதன்பின் எங்கே திரும்பினாலும் கைகளே தெரிந்தன. சாயங்காலம் மலைக்கு முன்னால் இறங்கும் நீலத் திரையில் சருகுப் புகையும் கலந்திருக்கிறது. விடியற்காலையில் ஏரிக்குள் போனால், நீண்ட கழிகளால் பாசியைச் சுருட்டிப் படகில் ஏற்றுகிறார்கள், அது உரமாகிறது. நாணலும் பாசியும் மண்ணும் சேர்த்துக் கட்டிய மிதக்கும் தோட்டங்களில் தக்காளியும் வெள்ளரியும் விளைகின்றன. தால் கேட்டின் மதகுதான் ஏரியின் நீர்மட்டத்தையே பிடித்து வைத்திருக்கிறது. இயற்கைக் காட்சி என்று நான் நினைத்து வந்தது பெரும்பாலும் யாரோ தினமும் பராமரிப்பது.

புகைப்படக்காரர் சாமுவேல் போர்ன் 1864-இல் இதே பள்ளத்தாக்கைப் படமெடுக்க வந்தார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டிய காலம். தகடுகள், புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாம் சுமைக்காரர்களின் தோளில் மலையேறின. போர்னின் படங்களில் அமைதியான ஏரியைப் பார்க்கும்போது, அவர்கள் கேமராவுக்குப் பின்னால் எங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருப்பார்கள் என்றுதான் இப்போது மனம் தேடுகிறது.

ஒரு காலத்தில் படகில் வந்தவர்கள் ஏரியிலிருந்து நேரே நிஷாத்துக்குள் காலெடுத்து வைத்தார்கள். பிற்பாடு போட்ட கரையோரச் சாலை கீழ்த்தளத்தை விழுங்கிவிட்டது. அந்தச் சாலை தெரியாதபடி எடுக்கவே கோணம் தேடுவார்கள், நானும் தேடியிருக்கிறேன். இப்போது அதை வெட்டுவதில்லை. ஏரிக்கும் தோட்டத்துக்கும் இடையே பஸ் ஓடுகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியட்டும். நாளைக்கு யாராவது இந்தக் கரையைச் சீரமைக்க நினைத்தால், சாலையை மறைத்த படத்தால் அவருக்கு என்ன பயன்?

சருகு அள்ளும் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஸ்டுடியோவில் மாட்டியிருக்கிறேன். வரவேற்பறைக்கு ஒரு பிரதி கேட்ட வாடிக்கையாளர் ஒருவர், “அந்தப் பொம்பளைங்கள மட்டும் எடுத்துட்டுத் தர முடியுமா தம்பி?” என்றார். முடியாதுங்க என்று சொல்லி, காங்ரியின் கதையைச் சொன்னேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

வரும் மார்கழியில் திரும்பப் போகிறேன். இங்கே முகூர்த்தம் கிடையாது, அங்கே சில்லாய் கலான். சினார் மொட்டையாக நிற்கும். அந்தக் கரி காங்ரிக்குள் எரிவதை எடுக்க வேண்டும். மா ஜியிடம் ஒரு பிரிண்ட் கொடுக்க வேண்டும்.