பொதுவில் வைத்த திறவுகோல்

என் பாட்டியாரின் வீடு ஈரோட்டிற்குத் தெற்கே, காலிங்கராயன் வாய்க்காலின் கரையருகே இருந்தது. காலாண்டு விடுமுறையில் அவ்வாய்க்காலில் நீந்தாத நாள் இல்லை. பவானியாறு காவிரியோடு கலக்கும் இடத்திற்கு அருகே அணைகட்டி, அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவு பாம்புபோல் வளைந்து செல்லும் அவ்வாய்க்காலை 13ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்தவர் காலிங்கராயர். தம் நிலத்திற்கு நீர் கொண்டுபோகவே வெட்டினார் என்று எவரும் பேசிவிடலாகாதென எண்ணித் தாமும் தம் வழியினரும் அந்நீரைப் பயன்கொள்வதில்லை என உறுதிபூண்டு, அவர் பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது கொங்கு நாட்டில் வழங்கிவரும் செய்தி. பாட்டி இதனைச் சொல்லும்போதெல்லாம், "வெட்டினவருக்கே தண்ணீர் இல்லையா? நல்ல ஏமாளி!" என்று நான் சிரிப்பேன். நாற்பது வயதிற்கு மேல்தான் அச்சிரிப்பு அடங்கிற்று. அஃது அடங்கிய கதையைச் சொல்கிறேன்.

ஒருங்குறி பரவுவதற்கு முன், கணிப்பொறியில் தமிழ் எழுதுவோர் அச்சகத்திற்கு ஓர் எழுத்துமுறை வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஒருவர் தட்டெழுதியதை மற்றொருவர் திறந்தால் வெறுங்கிறுக்கலே தோன்றும். அத்தகைய பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதற்காக, 2012ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் இருந்தபோது ஒரு சிறு நிரல் எழுதினேன். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என உரிமம் எழுதி, கிட்ஹப் என்னும் இணையக் களஞ்சியத்தில் அதனை வைத்தேன். இவ்வாறு வழங்கப்படுவதைத் திறமூல மென்பொருள் என்பர். அச்சகத்தார் சிலரும் தமிழாசிரியர் சிலரும் அதனை எடுத்தாண்டனர். உலகிற்கே ஒரு கொடை அளித்துவிட்டதாக எனக்குள் பெருமிதம்!

நான் அளித்தது நிரலை, திறவுகோலை அன்று. மூலப்படியில் ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமாயினும் என் கணக்கின் வழியாக, என் கடவுச்சொல்லைக் கொண்டே மாற்ற இயலும்.

2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் கண்டு படுத்தேன். மருத்துவமனையிலும் பின்னர் வீட்டிலுமாக ஒரு மாதத்திற்குமேல் கணிப்பொறியின் பக்கமே செல்லவில்லை. அவ்வேளையில்தான் நிரலின் பிழை ஒன்று வெளிப்பட்டது. பழைய எழுத்துமுறைகளில் 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதிவர். ஒருங்குறியிலோ ககரம் முதலில் நிற்கும். அவ்வரிசையை மாற்றுமிடத்தில் நான் தவறியிருந்தேன். 'கொங்கு' என்னும் சொல்லே கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதறி வந்ததாம்! பொறியியற் கல்லூரி மாணவி ஒருவர் பிழையைக் கண்டு, திருத்தமும் எழுதி அனுப்பியிருந்தார். ஏற்பதற்குத்தான் ஆள் இல்லை. நெடுநாள் காத்திருந்து, உரிமம் இடந்தந்தபடி, நிரலைப் படியெடுத்துத் தம் பெயரில் திருத்தி வெளியிட்டார். நான் எழுந்து வந்தபோது ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் உலவின. பிழையுள்ளது என்னுடையது, அதனையே பலரும் எடுத்துக்கொண்டிருந்தனர்.

"கடவுச்சொல்லை யாரிடமாவது கொடுத்து வையுங்கள்" என்றார் நண்பர் ஒருவர். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுவதால் என்ன பயன்? அதில் இடரும் உண்டு. நியூசிலாந்து நிரலாளர் டொமினிக் டார் என்பவர் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்னும் நிரலை ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். தமக்கு அதில் ஈடுபாடு குறைந்தபின், உதவ முன்வந்த, முன்பின் அறியாத ஒருவரிடம் அதனை ஒப்படைத்தார். அப்புதியவரோ பிட்காயின் பணப்பைகளிலிருந்து திருடும் நிரலை அதனோடு சேர்த்துவிட்டார். 2018ஆம் ஆண்டு நவம்பரில் அது வெளிப்பட்டது. டாரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சுமையைத் தனியே தூக்கியவர் இறக்கிவைக்க இடம் தேடினார், அவ்வளவே.

ஆகவே அம்மாணவியையும், நிரலை நன்கறிந்த வேறு இருவரையும் அழைத்து, கிட்ஹப்பில் ஓர் அமைப்புக் கணக்கைத் தொடங்கினேன். அதில் நால்வரும் உரிமையாளர். ஒவ்வொருவரும் தத்தம் கடவுச்சொல்லாலேயே நுழைவர். ஒருவரது சொல்லை மற்றவர் அறியவேண்டுவதில்லை. திருத்தம் எதுவாயினும் எழுதியவரல்லாத மற்றொருவர் பார்த்து ஒப்பிய பின்னரே சேரவேண்டும் என்றும் வகுத்துக்கொண்டோம்.

உரிமையை மாற்றும் வேலை ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியது. எனக்கோ மூன்று நாள் ஆயிற்று. நிரலின் முகவரியில் முதலில் நிற்பது என் பெயர். மாற்றினால் அது போய்விடும். ஏழாண்டு உழைப்பின்மீது எழுதியிருந்த பெயரை என் கையாலேயே அழிப்பதா? காலிங்கராயர் ஊரைவிட்டே போனார். நானோ ஒரு வரியை விட மாட்டாமல் விழித்திருந்தேன். இத்தனைக்கும் பழைய திருத்தக் குறிப்புகள் ஒவ்வொன்றிலும் என் பெயர் அப்படியே இருக்கும் என்பது எனக்குத் தெரியும்!

நான்காம் நாள் மாற்றினேன். பழைய முகவரிக்கு வருவோரைக் களஞ்சியமே புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டது. என் கணக்கில் அதே பெயரால் வேறொன்றைத் தொடங்கினால் அவ்வழி அடைபட்டுவிடும் என்பதால் அதனைத் தவிர்த்தேன். பைப்பி என்னும் வெளியீட்டுக் களஞ்சியத்தின் உரிமை இதனோடு மாறாது. அது தனித் திறவுகோல். இதனை நான் மறந்தே போனேன். மாணவிதான், "ஏனுங்க ஐயா, வீட்டைக் கொடுத்துட்டு வாசற்கதவுச் சாவியை நீங்களே வெச்சிருக்கீங்களே?" என்று நினைவூட்டினார். அதிலும் மூவர் பெயரைச் சேர்த்தேன். அவர் தம் படியைக் கைவிட்டு, திருத்தங்களை மூலத்தோடு இணைத்தார்.

அடுத்த ஆண்டு ஒருநாள் நிரலைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய பகுதி ஒன்று முழுதும் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் பாதியளவில் புதிய பகுதி நின்றது. என்னை எவரும் கேட்கவில்லை. முதலிற் சினம் வந்தது. பின்பு பழைய கோப்பு ஒன்றை எடுத்து இரண்டிலும் இட்டுப் பார்த்தேன். புதியது விரைவாகவே மாற்றித் தந்தது. 'கொங்கு' சிதறாமல் வந்தது.