மலாக்காவில் ஒரு வட்ட மேசை

ஒருவரை அறிய வேண்டுமானால் அவரோடு பயணம் செய்ய வேண்டும்; நன்றாக அறிய வேண்டுமானால் அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த ஒரு நாளைப் பற்றி நம் பள்ளி ஆண்டு மலரில் எழுதுவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் எங்கள் பங்கிலிருந்து பங்குத்தந்தையின் தலைமையில் பதினொரு பேர் மலேசியாவிலுள்ள மலாக்கா நகருக்குத் திருப்பயணம் சென்றோம். மலாக்காவுக்கும் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கும் என்ன உறவு என்று தோழியர் சிலர் வினவக்கூடும். 1542-இல் நம் கரைக்கு வந்து, தட்டுத்தடுமாறித் தமிழில் செபங்களைக் கற்பித்த புனித சவேரியார்தாம் அந்த உறவு. அவர் மலாக்காவிலும் மறைப்பணி ஆற்றினார். பின்னர் சீன நாட்டுக்குச் செல்லப் பேராவல் கொண்டு புறப்பட்டார். ஆனால், சீனக் கரையை அடுத்திருந்த சான்சியான் தீவில், 1552 டிசம்பர் 3-ஆம் நாள், அந்நாட்டின் பெருநிலப்பரப்பில் கால் வைக்காமலே உயிர்நீத்தார். அவரது உடல் 1553-இல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, குன்றின்மேல் இருந்த ஆலயத்தில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அதன் பின்னரே கோவா வந்து சேர்ந்தது.

திருச்சியிலிருந்து விமானத்தில் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து வேனில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மலாக்காவை அடைந்தோம். வேன் ஓட்டி வந்த அண்ணன் அந்நாட்டுத் தமிழர். அவரே எங்களுக்கு வழிகாட்டியுமானார். புனித பவுல் குன்றின் படிகளில் ஏறி, கூரையில்லாத அப்பழைய ஆலயத்தையும், கம்பி வலையிட்டு மூடிய வெறுங்கல்லறையையும், வலக்கை இல்லாமல் நிற்கும் புனிதரின் சிலையையும் கண்டு, முழந்தாளிட்டுச் செபித்தோம்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பதினொரு பேரில் விசைப்படகு வைத்திருக்கும் மாமா ஒருவரும், வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் பெரியப்பா ஒருவரும் இருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. அதனால்தான் மாமாவால் வர முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு, கடலில் விரித்திருந்த பெரியப்பாவின் வலை படகில் சிக்கி அறுந்துபோயிற்று. அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை. ஊரில் நியாயம் கேட்டும் தீர்வு இல்லை. யார் பக்கம் நியாயம் என்று எழுதுவது எங்கள் வேலையன்று. ஆனால் கோலாலம்பூரில் உண்ட வேளைகளிலெல்லாம் அவர்கள் தனித்தனி மேசைகளில் அமர்ந்ததையும், அவரவர் உறவினர் அவரவர் பக்கம் பிரிந்ததையும் பிள்ளைகளாகிய நாங்கள் வருத்தத்துடன் கவனித்தே வந்தோம்.

குன்றிலிருந்து இறங்கியபோது நண்பகல். அண்ணன் எங்களைப் பழைய கடைத்தெருவிலுள்ள ஒரு சீன உணவகத்திற்கு அழைத்துச் சென்றார். சீன உணவு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது நூடுல்சும் பிரைடு ரைசும்தானே! ஆனால் சீனாவின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சமையல் உண்டாம். அந்தக் கடை, சீனாவின் தென்கோடியிலுள்ள ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நடத்துவது. ஹைனான் மக்கள் மலாயாவுக்குப் பிந்தி வந்து சேர்ந்தவர்கள். அதற்குள் வணிகத்தையும் பிற தொழில்களையும் மற்றச் சீனர்கள் பிடித்துக்கொண்டதால், இவர்களில் பலர் ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களாயினர். பிறகு காப்பிக் கடைகளும் உணவகங்களும் திறந்தனர்.

கடையில் அன்று ஒரே கூட்டம். காலியாக இருந்தது ஒரே ஒரு பெரிய வட்ட மேசைதான். அண்ணனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரும் அதில்தான் அமர வேண்டும், வேறு வழியில்லை. மாமாவும் பெரியப்பாவும் நேரெதிராக அமர்ந்தனர். மேசையின் நடுவே ஒரு கண்ணாடித் தட்டு சுழன்றது. உணவெல்லாம் அதன்மேல் வைக்கப்படும். சுழற்றி அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் சுழற்றக் கூடாது. எங்களுடன் வந்த பாட்டி, “எல்லாரும் ஒரே தட்டுல எடுத்தா எச்சிலாகாதா?” என்று தயங்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொதுக் கரண்டி உண்டு என்று அண்ணன் காட்டியதும் அமைதியடைந்தார்.

முதலில் கோழிச்சோறு வந்தது. முழுக் கோழியைக் கொதிக்கவிடாமல், கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான சூட்டிலுள்ள நீரில் வேகவைத்து, உடனே குளிர்நீரில் அமிழ்த்துகிறார்கள். தோல் வழவழப்பாகவும் சதை பஞ்சு போலவும் இருக்கிறது. அந்த நீரிலேயே இஞ்சி, பூண்டு, கோழிக் கொழுப்பு சேர்த்து அரிசியைச் சமைக்கிறார்கள். மலாக்காவில் அச்சோற்றைச் சிறு எலுமிச்சைப் பழ அளவில் உருண்டையாகப் பிடித்துத் தருவது சிறப்பு. நம் பொங்கலை உருட்டி வைத்தாற்போல் இருந்தது! காரம் இல்லையே என்று முகம் சுளித்தவர்களும், மிளகாயும் இஞ்சியும் அரைத்த துவையலைத் தொட்டுக்கொண்டதும் இன்னும் ஒரு தட்டு கேட்டார்கள். சாப்ஸ்டிக் குச்சிகளோடு போராடிய எங்கள் விரல்களிலிருந்து உருண்டைகள் நழுவி ஓடியதைக் கண்டு பங்குத்தந்தையும் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்து, இஞ்சியும் சோயாச் சாறும் இட்டு ஆவியில் வேகவைத்த முழு மீன் வந்தது. கண்ட மாத்திரத்தில் மாமாவும் பெரியப்பாவும் ஒரே குரலில், “கொடுவா!” என்றார்கள். உடனே இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டனர்.

மேற்புறச் சதை தீர்ந்ததும், வீட்டில் செய்வது போல, மாமா கரண்டியால் மீனைப் புரட்டப் போனார். தேநீர் ஊற்ற வந்த கடைக்கார அம்மா பதறிப்போய்க் கைகளை ஆட்டித் தடுத்து, மலாய் மொழியில் ஏதோ சொன்னார். அண்ணன் எங்களுக்கு விளக்கினார்: “கடலோரச் சீனர் சாப்பாட்டில் மீனைப் புரட்டவே மாட்டார்கள். இங்கே மீனைப் புரட்டினால் கடலில் எங்கோ ஒரு படகு கவிழும் என்பது நம்பிக்கை. நடுமுள்ளை எடுத்துவிட்டு, அடிப்புறத்தை இருந்தபடியே உண்ண வேண்டும்.”

மேசை அமைதியாகிவிட்டது. 2017-இல் ஒக்கிப் புயல் வீசிய நாள்களில் கரையில் கண்விழித்துக் காத்திருந்த குடும்பங்கள் அல்லவா நாங்கள்! மாமா கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். முள்ளை உடையாமல் எடுக்க இரண்டு பேர் வேண்டும். பெரியப்பா எழுந்து கை நீட்டித் தலைப்பக்கத்தை அழுத்திக்கொண்டார்.

“வால்பக்கமாத் தூக்குங்க மச்சான்” என்றார்.

“பிடிச்சுக்கோங்க” என்றார் மாமா.

முள் முழுதாக வந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர்கள் பேசிய முதல் வார்த்தைகள் இவைதாம். பின்னர் மாமா கண்ணாடித் தட்டைச் சுழற்றி, மீனின் கன்னச்சதை பெரியப்பாவின் முன் வரும்படி நிறுத்தினார். அதுவே மீனில் மிகவும் சுவையான பகுதி என்பது கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். பெரியப்பா அதில் பாதியை எடுத்துக்கொண்டு, மீதியை மாமாவின் பக்கம் திருப்பி அனுப்பினார். பாட்டி முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

இது மூடநம்பிக்கைதானே என்று எங்களில் ஒருத்தி பங்குத்தந்தையிடம் கேட்டாள். “மீனைப் புரட்டினால் படகு கவிழாது, அம்மா. ஆனால் உண்ணும் வேளையில், முகம் தெரியாத ஒரு மீனவனின் உயிரை நினைத்துக்கொள்கிறார்களே, அந்த நினைவு நல்லது” என்றார் அவர்.

அதை நாங்கள் பலமுறை எண்ணிப் பார்த்தோம். முகம் தெரியாதவனின் படகுக்காக ஒரு சீனத் தாய் பதறுகிறாள். ஒரே கரையில், ஒரே ஆலயமணி கேட்டு வளர்ந்த நாமோ, அடுத்தவன் வலைக்காகவும் படகுக்காகவும் பதறாமல் இருக்கலாமா?

வலைக்கான இழப்பீடு பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. ஒருவேளை உணவு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனால் ஊர் திரும்பியபின் அவ்விருவரும் நேருக்கு நேர் அமர்ந்து அதைப் பேசுகிறார்கள். முன்பு ஆள்விட்டுப் பேசினார்கள். மாமாவின் மகளும் பெரியப்பாவின் பேத்தியும் இப்போது ஒன்றாகப் பள்ளிக்கு வருகிறார்கள்.

தோழியரே, நம் பள்ளியிலும் மதிய உணவு வேளையில் தனித்தனி வட்டங்கள் உண்டு. ஒரு வட்டத்துப் பெண் இன்னொரு வட்டத்தில் அமர்வது அரிது. சுழலும் கண்ணாடித் தட்டு நமக்கு வேண்டியதில்லை. உணவுப் பாத்திரத்தைத் திறந்து, இதுவரை பேசாத ஒருத்தியின் பக்கம் நகர்த்தி வைத்தாலே போதும். அவள் எடுத்துக்கொள்ளும்வரை பொறுமையோடு காத்திருப்போம். சீனக் கரையை நோக்கிய புனித சவேரியாரின் பயணம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்றுபோயிற்று. அடுத்த பெஞ்சு வரை செல்லும் நம் பயணத்திற்கு அத்தகைய தடை ஏதுமில்லை.