கடைசியா எப்ப கிறீஸ் அடிச்சனீங்கள்?

மூன்று கிழமையாக வேலைக்கு பஸ்ஸில்தான் வந்துபோனேன். "டொக்டரின்ர மொறிஸ் எங்க?" என்று வார்டில் நேர்ஸ்மார் முதல் வாசல் செக்கியூரிற்றி வரை கேட்டாச்சு. ஆளாளுக்குச் சொல்லிக் களைச்சுப் போனதால் இங்கேயே எழுதுகிறேன். திரெட் கொஞ்சம் நீளம். கார் பிடிக்காதவர்களும் கடைசி மட்டும் வாசியுங்கோ, உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு.

கார் அப்பாவுடையது. 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால், 1948 இல் லண்டனில் அறிமுகமான கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினி காரை வடிவமைத்ததும் அவர்தான். மொத்தமாக 16 லட்சம் அளவில் செய்தார்கள்.

எங்களுக்கு அது வெறும் பழைய கார் இல்லை. பெற்றோல் வராத காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே வெளிக்கிட்ட அந்த இரவில் அப்பம்மா முன் சீற்றில், நாங்கள் பின்னால், மடியில் அரிசிப் பை. எனக்கு ஏழு வயது. விடிய விடிய ஊர்ந்து சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் அப்பா செய்த முதல் வேலை, ஒரு பனை வளவுக்குள் காரை ஜக்கில் ஏற்றி முன் சில்லுகளுக்குக் கிறீஸ் அடித்ததுதான். அந்தக் கஷ்டத்துக்குள்ளும் ஒரு பழைய மாஜரீன் ரின்னில் கிறீஸ் சேர்த்து வைத்திருந்தார். அம்மா ஏசினது இன்னும் காதில் கேட்குது.

அப்பா போய் நாலு வருஷம். கார் என் கைக்கு வந்தது. பிரச்சினை என்னவென்றால், ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன்பக்கம் மூன்று தரம் ஆடும். அம்மாவுக்கு நாரி நோ. "தம்பி, இது காரோ வள்ளமோ?" என்று கேட்பா.

காரணம் எனக்குத் தெரியும். மைனரில் இப்போதைய கார்களில் இருக்கிற மாதிரிக் குழாய் ஷொக் அப்சோபர் கிடையாது. எண்ணெய் நிரப்பிய ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து நீளும் ஒரு கை. லீவர் ஷொக் என்பார்கள். உள்ளே தேய்ந்தால் ஆட்டத்தைப் பிடிக்க அதுக்குப் பலம் காணாது. இதற்குக் குழாய் ஷொக் மாற்றுகிற கிற் இங்கிலாந்தில் விற்கிறார்கள். இரவு ட்யூட்டியில் அதைப் பற்றித்தான் வாசிப்பேன். கடைசியில் ஓடர் போட்டு, லண்டனிலிருந்து வந்த மச்சான் சூட்கேசுக்குள் கொண்டுவந்து தந்தான். விலையை மனைவிக்குப் பாதிதான் சொன்னேன். அவவும் இதை வாசிப்பா என்று தெரியும். பரவாயில்லை.

பெட்டியைக் கொண்டு அப்பாவின் பழைய மெக்கானிக் ஐயாவிடம் போனேன். எழுபது வயது தாண்டிய மனுஷன். நான் அரைக்காற்சட்டையோடு அந்தக் கராஜில் ஓடித் திரிந்தவன்.

ஐயா பெட்டியைத் திறக்கவே இல்லை. காரை ஜக்கில் ஏற்றினார். இடப்பக்க முன் ரயருக்குக் கீழே ஒரு அலவாங்கை வைத்து மெல்லக் கிளப்பினார். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியா எப்ப கிறீஸ் அடிச்சனீங்கள், தம்பி?"

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. கிளினிக்கில் ஒரு நாளைக்கு நாற்பது தரம் நான் கேட்கிறதுதான். "கடைசியா எப்ப குளிசை போட்டனீங்கள்?" கேட்டவுடன் ஆக்களின் முகம் எப்படி மாறும் என்றும் தெரியும். அண்டைக்கு என் முகம் அப்படி மாறினது.

"ஓமோம் ஐயா, இடைக்கிடை அடிக்கிறனான்" என்றேன்.

பச்சைப் பொய். நாலு வருஷத்தில் ஒரு தரம்கூட நான் அடிக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேணும். மைனரின் முன் சில்லைத் தாங்குவது நிமிர்ந்து நிற்கும் ஒரு பின். அதன் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் திருகாணி மாதிரிப் புரி இருக்கும். அந்தப் புரிகளில் பூட்டியிருக்கும் துண்டுகளுக்குப் பெயர் ட்ரன்னியன். ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது பின் அந்தப் புரிக்குள் திருகுப்படும். இப்போதைய கார்களில் அந்த இடத்தில் போல் ஜொயின்ற் இருக்கும்.

காரின் அடியில் நீளவாட்டில் கிடக்கும் டோர்ஷன் பார் முறுகி நின்றுதான் முன்பக்கத்தைத் தாங்குகிறது. அந்தப் பாரம் கீழ்க் கை வழியாக வந்து கீழ் ட்ரன்னியனில் இறங்கும். சுருக்கமாகச் சொன்னால், அந்த மூலையின் முழுப் பாரமும் ஒரு சாண் நீளமில்லாத புரியில் தொங்குது. நடுவில் இருப்பது கிறீஸ் மட்டும். பழைய கைநூலில் ஆயிரம் மைலுக்கு ஒருக்கா அடிக்கச் சொல்லியிருக்கு. அதுவும் சில்லைக் கிளப்பி, பாரத்தை எடுத்துவிட்டு அடித்தால்தான் புரியின் தேயிற பக்கத்துக்குக் கிறீஸ் போகும்.

அடிக்காவிட்டால் இரும்பு இரும்பைத் தின்னும். ஓடுகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆட்டம் ஷொக்கில் தெரியும், சத்தம் புஷ்ஷில் கேட்கும், இது மட்டும் பேசாமல் இருக்கும். புரி முடிகிற அண்டைக்குப் பின் கழன்று, சில்லு சரிந்து, காரின் மூக்கு நிலத்தில் குத்தும்.

ஐயா கழற்றினார். கிறீஸ் நிப்பிள் மண்ணால் அடைபட்டுக் கல்லாகியிருந்தது. பின்னைத் துடைத்து என் கையில் தந்தார். புரி கூராக இருக்க வேண்டிய இடம் அழிறப்பரால் அழித்த மாதிரி வழுவழு. நுனியில் ரெண்டு மூன்று சுற்றுத்தான் மிச்சம்.

முதல் நாள் பின்னேரம் மகளை அந்தக் காரில்தான் ரியூஷனுக்கு ஏற்றிப் போனேன். அந்தப் பக்கத்தில்தான் அவள் இருந்தவள்.

எனக்கு வாய் காய்ந்துபோச்சு. "புது ஷொக் போட்டா இது சரி வராதோ ஐயா?" என்று கேட்டேன். எவ்வளவு மொக்குக் கேள்வி என்று கேட்ட பிறகுதான் விளங்கினது.

"ஷொக் ஆடுறதை நிப்பாட்டும் தம்பி. சில்லைப் பிடிச்சுக்கொண்டிருக்காது."

அவ்வளவுதான் சொன்னார். ஏசவில்லை. அப்பாவோடு என்னை ஒப்பிடவும் இல்லை. "ரெண்டு பக்கமும் புதுசாப் போடுவம். பிறகு ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கொண்டு வாங்கோ, நான் அடிச்சு விடுறன். மறந்தா நானே போன் எடுக்கிறன்." அதற்குப் பிறகுதான் என்னால் உண்மையைச் சொல்ல முடிந்தது. "ஐயா, நான் ஒருக்காவும் அடிக்கேல்லை." "தெரியும்" என்றார்.

பாகங்கள் வர மூன்று கிழமை. பஸ் கதை அதுதான்.

காரைக் கராஜில் விடமுன் டாஷ்போர்ட் பெட்டியைத் துப்புரவாக்கினேன். அப்பாவின் சின்னக் கொப்பி கிடந்தது. திகதி, மைல், "கிறீஸ்". திகதி, மைல், "கிறீஸ்". பக்கம் பக்கமாக. கடைசி வரி அவர் போவதற்கு ரெண்டு கிழமைக்கு முந்தினது.

அப்பாவிடம் இன்னொரு கொப்பியும் இருந்தது, கிளினிக் கொப்பி. பிரஷருக்கு மாதாமாதம் இலவசமாகக் குளிசை எடுக்கிறது. செத்த வீட்டுக்குப் பிறகுதான் அதைத் திறந்து பார்த்தேன். கடைசி ஐந்து மாதம் வெறுமை. ஒரு விடியப்புறம் ஸ்ட்ரோக் வந்து விழுந்தவர் எழும்பவில்லை.

நான் அப்போது வேற மாவட்டத்தில் வேலை. ஒவ்வொரு இரவும் போன் எடுப்பேன். அதற்கு முதல் வருஷம் ஒருக்கா குளிசை தவறவிட்டுவிட்டேன் என்று அவராகவே சொன்னார். டொக்டர் மகன் அல்லவா, நல்லா ஏசினேன். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "ஓமோம்."

கராஜில் என் வாயில் வந்த அதே "ஓமோம்".

இதை நாலு வருஷமாக வேற மாதிரித்தான் நினைத்திருந்தேன். அப்பா கவனயீனம் என்று. காரில் அவ்வளவு கவனமான மனுஷன் தன்னில் ஏன் இப்படி என்று கோபமும் இருந்தது. பிரஷர் நோகாது. 180 இருந்தாலும் ஆள் சிரித்துக்கொண்டு வந்து இருப்பார். மூளையிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் இரத்தக்குழாய்ச் சுவர் மெல்ல மெல்லப் பழுதாகும், வெளியில் ஒரு சத்தமும் வராது. "ஒரு வருத்தமும் இல்லை, அதால நிப்பாட்டினன்" என்று சொல்கிறவர்களை நான் ஏசுவேன். ஏசினால் அடுத்த மாதம் திருந்தி வருவார்கள் என்று நினைத்தேன். பொய்யோடு வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள் என்று இப்பதான் எனக்கு விளங்குது.

போன கிழமை முதல் கிளினிக்கில் கேள்வியை மாற்றியிருக்கிறேன். "ஒழுங்காப் போடுறீங்களோ?" என்று கேட்கிறதில்லை. அதற்கு ஓமோம் என்று மட்டும்தான் பதில் வரும். "எல்லாருக்கும் இடைக்கிடை தவறும். போன கிழமை உங்களுக்கு எத்தினை நாள் தவறிச்சு?" என்று கேட்கிறேன். முதல் நாளே ஒரு அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூண்டு மாசமாப் போடேல்லை மகன்" என்றா. பிரஷர் பார்த்தோம். எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை. திரும்பத் தொடங்கியாச்சு.

கார் நேற்று வந்தது. புதுப் பின், புது ட்ரன்னியன், ரெண்டு பக்கமும். குழாய் ஷொக்கும் போட்டாச்சு. பழைய லீவர் அப்படியே இருக்கு. அதன் கைதான் சில்லின் மேல் இணைப்பு, கழற்றினால் சில்லு நிற்காது. இப்போது ஒரு பள்ளத்துக்கு ஒரு ஆட்டம்தான். அம்மா ஏறி இருந்து ஒழுங்கை முடியும் வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இப்பதான் கார்" என்றா.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கொப்பியில் அவருடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினேன். திகதி, மைல், "கிறீஸ்".

வாசிக்கிற ஆராவது பிரஷர் குளிசையையோ சீனிக் குளிசையையோ நிப்பாட்டியிருந்தால், வெட்கப்படாமல் கொப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கோ. எத்தினை மாதம் விட்டனீங்கள் என்று உள்ளபடி சொல்லுங்கோ. டொக்டர் ஏசினால் இந்தத் திரெட்டைக் காட்டுங்கோ.

அப்பா அம்மா தூரத்தில் இருக்கிற பிள்ளைகள், இண்டைக்கு இரவு போன் எடுக்கும்போது கேளுங்கோ. ஏசாமல் கேளுங்கோ.